மலையில் எடுத்த படம் ஏன் இப்படி வந்தது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

கொழுக்குமலைக்கு விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறியவர்களுக்குத் தெரியும், சூரியநெல்லியிலிருந்து அந்தக் கல் பாதையில் குலுங்கிக் குலுங்கி மேலே போய்ச் சேரும்போது கீழே தேனிப் பக்கத்துச் சமவெளி மேல் மேகம் படுத்திருக்கும், கிழக்கு வானம் சிவக்கத் தொடங்கியிருக்கும், நல்ல வெளிச்சம் கையில் இருப்பது பத்து இருபது நிமிடம்தான். சரியாக அந்த நேரத்தில் கூட வந்தவர்களில் ஒருவர் கேமராவை நீட்டி, "எல்லாமே புகை மாதிரி வருது, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்பார். பத்துப் பன்னிரண்டு வருடமாக நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, மேகமலை என்று குழுவாகப் போய்வருகிறோம். இப்படி என் கைக்கு வந்த கேமராக்களும் போன்களும் நிறைய. திரும்பத் திரும்ப வருவது ஒரு பத்துக் கோளாறுதான், அதில் பாதிக்கு மேல் அங்கேயே, காசு செலவில்லாமல் சரியாகிவிடுகிறது. மீதியில் சிலவற்றை நாம் தொடவே கூடாது, தொட்டால் செலவு இரட்டிப்பாகும்.

உங்கள் படத்தில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

அறிகுறி 1: படம் முழுக்கப் புகை மூடியது போல வெளுத்துக் கிடக்கிறது

முதலில் ஒரு சோதனை. உங்களுக்கு ஐந்தடி தூரத்தில் உள்ள ஒரு தேயிலைச் செடியையோ பாறையையோ அதே லென்ஸில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதுவும் வெளுத்திருந்தால் கோளாறு லென்ஸ் பக்கம். அது பளிச்சென்று இருந்து தூரத்து மலை மட்டும் வெளுத்திருந்தால் காற்றில் உள்ள மூட்டம்.

*பக்கத்தில் இருப்பதும் வெளுத்திருந்தால்*

லென்ஸின் முன்கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் ரேகை, சன்ஸ்கிரீன் பிசுக்கு, ஜீப் கிளப்பிய புழுதி, மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். போன் என்றால் சந்தேகமே வேண்டாம், பாக்கெட்டில் இருந்து வந்த எண்ணெய்ப் பசைதான். முதலில் ப்ளோயரால் (அழுத்தினால் காற்றடிக்கும் ரப்பர் பந்து) ஊதித் தூசியை அகற்றிவிட்டு, அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வட்டமாக வெளியே துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் மணல் துகள் கண்ணாடியைக் கீறும். சட்டை நுனி, கர்ச்சீப், டிஷ்யூ எதுவும் வேண்டாம்.

துடைத்தும் போகவில்லை, சூரியனை நோக்கி எடுக்கும்போது மட்டும் வருகிறது என்றால், வெளிச்சம் நேராக லென்ஸில் விழுகிறது. லென்ஸ் ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் வளையம்) மாட்டுங்கள், இல்லையென்றால் படத்தில் வராதபடி கையையோ தொப்பியையோ லென்ஸுக்கு மேலே நிழலாகப் பிடியுங்கள். முன்னால் மாட்டியிருக்கும் மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கேமரா வாங்கும்போது கடையில் சேர்த்துக் கொடுத்த ஃபில்டர்தான் காரணம் என்று நான் கண்டுபிடித்தது எத்தனையோ முறை.

இதற்கும் மாறவில்லை என்றால் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து ஒரு டார்ச்சை அடித்து முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போலக் கிளை விட்ட மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. இதைத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

*தூரத்து மலை மட்டும் வெளுத்திருந்தால்*

கேமரா மேல் தப்பில்லை, நேரமும் பருவமும்தான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிப்ரவரி கடைசியிலிருந்து கோடை மழை வரும்வரை தூசியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து கண்ணுக்கே மலை மங்கலாகத்தான் தெரியும். அப்போது தொட்டபெட்டாவில் 2,637 மீட்டர் உயரத்தில் நின்றாலும் சமவெளி பால் கலந்த தண்ணீர் போலத்தான் இருக்கும். ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை அதே இடத்துக்குப் போங்கள், வேறு ஊர் போல இருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர், ஜனவரிக் காலைகள்தான் என் அனுபவத்தில் மிகத் தெளிவானவை.

அன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றால் லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் போலரைசர் ஃபில்டர் ஓரளவு உதவும். சூரியன் உங்கள் இடது தோள் பக்கமோ வலது தோள் பக்கமோ இருக்கும்படி நின்று வளையத்தைத் திருப்புங்கள். சூரியன் முன்னாலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் திருப்பிப் பலனில்லை. மிக அகலமான லென்ஸில் இதைப் போட்டால் வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் வரும், அப்போது கழற்றிவிடுங்கள். எடிட்டிங்கில் மூட்டம் நீக்கும் பட்டையைக் கொஞ்சமாக நகர்த்தலாம். கடைசிவரை இழுத்தால் வானம் புள்ளி புள்ளியாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மூட்டத்தை ஒழிக்கவேண்டிய எதிரியாகவே பார்க்க வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டு மலை அடுக்குகள் வெளிர்ந்து வெளிர்ந்து போகிற படம் கிடைப்பதே அந்த மூட்டத்தால்தான். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ எதிரிலிருந்தோ வரும் காலை மாலைகளில் ஜூமை நீட்டி அடுக்குகளை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி 2: லென்ஸில் ஆவி படிகிறது, துடைத்தால் மறுபடி படிகிறது

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன், அதிகம் பேர் கெடுத்துக்கொள்வதும் இதில்தான். குளிர்ந்த கேமரா ஈரமான சூட்டுக் காற்றைத் தொட்டால் வேர்க்கும், அவ்வளவுதான் விஷயம். எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

*வெளிக்கண்ணாடியில் மட்டும்*

பொள்ளாச்சியிலிருந்து ஏசியை முழுசாக வைத்துக்கொண்டு வந்து, ஆழியாறு அணை தெரிந்ததும் வண்டியை நிறுத்திக் கேமராவுடன் கீழே குதித்தால் உடனே மூடிக்கொள்ளும். துடைக்காதீர்கள், பத்து நிமிடம் அப்படியே வைத்தால் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்து தானாகத் தெளியும். அடுத்த முறை, நிறுத்துமிடத்துக்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சிமுனையில் எல்லோரும் இறங்குவார்கள், அதற்குள் கேமரா தயாராக இருக்கும்.

விடியலுக்கு முன் ட்ரைபாடில் வைத்து நட்சத்திரமோ விடிவானமோ எடுக்கும்போது அரை மணியில் கண்ணாடி மங்கினால் அது வேறு, பனித்துளி இறங்குகிறது. ஹுட் போட்டால் தள்ளிப்போகும். கைக்குச் சூடு தரும் சிறு பொட்டலங்கள் கிடைக்கின்றன, இரண்டை லென்ஸைச் சுற்றி வைத்துப் பழைய காலுறையை அதன்மேல் இழுத்துவிட்டால் விடியும்வரை கவலையில்லை. வாயால் ஊதித் துடைக்கவே கூடாது, நம் மூச்சே ஈரம்.

*கேமராவுக்கு உள்ளே, அல்லது வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தில்)*

இரண்டு மணி நேரம் வெளியே குளிரில் நின்றுவிட்டு, டீ கொதிக்கும் கடைக்குள் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நுழைவீர்கள் பாருங்கள், அப்போதுதான் இது நடக்கும். உள்ளே நுழையும் முன் வெளியிலேயே கேமராவை ஒரு ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுங்கள், அப்படியே பைக்குள் வைத்து ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். வேர்ப்பது கவருக்கு மேலேயே நின்றுவிடும். படங்களைப் பார்க்க ஆசையாக இருந்தால் கார்டையும் பேட்டரியையும் வெளியில் வைத்தே எடுத்துக்கொண்டு அப்புறம் கவரில் போடுங்கள்.

ஏற்கனவே உள்ளே படிந்துவிட்டதா? கேமராவை அணைத்து பேட்டரியை எடுங்கள். அந்த நிலையில் லென்ஸை மாற்றக் கூடாது, உள்ளே படம் பதியும் சென்சார் மேலும் ஈரம் படிந்துவிடும். காய்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் ஒரு இரவு வையுங்கள். ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம், வண்டி டேஷ்போர்டு வெயில் இதெல்லாம் வேண்டாம், பசையும் ரப்பரும் இளகும். அரிசியில் புதைப்பதும் வேண்டாம், தவிட்டுத் தூள் பொத்தான் இடுக்கிலெல்லாம் போய்ச் சேரும்.

*எப்போது சர்வீஸ்:* இரண்டு நாள் சிலிக்கா ஜெல்லில் இருந்தும் லென்ஸுக்குள் மூட்டம் நிற்கிறது, அல்லது துளியாகவே தண்ணீர் தெரிகிறது என்றால் கொடுத்துவிடுங்கள். ஓடையில் விழுந்த கேமராவை "வேலை செய்கிறதா" என்று போட்டுப் பார்க்காமல், அணைத்த நிலையிலேயே, பேட்டரி இல்லாமல் கொண்டுபோங்கள். போட்டுப் பார்ப்பதில்தான் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போகிறது.

அறிகுறி 3: லென்ஸுக்குள் சிலந்தி வலை

மழைக்காலத்தில் வால்பாறை போய் வந்த ஒரு முறை, பையின் உள்பஞ்சு ஈரமாக இருந்ததைக் கவனிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது எனக்கு மிகப் பிடித்த லென்ஸில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இழை ஓடியிருந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி மட்டும் இருந்தால் படத்தில் தெரியாது, ஆனால் வளரும். மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்து வையுங்கள், காய்ந்த டப்பாவில் வைத்து மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். நடுப்பகுதிக்கு வந்துவிட்டது, எதிர்வெளிச்சப் படங்கள் எல்லாம் வெளுக்கின்றன என்றால் சுத்தம் செய்யக் கொடுக்க வேண்டும். வீடியோ பார்த்து நீங்களே பிரிக்க வேண்டாம், கண்ணாடிகளை முன்பிருந்த அதே இடத்தில் வைப்பதுதான் அதில் கடினமான வேலை. கண்ணாடிப் பூச்சையே அரித்திருந்தால் சுத்தம் செய்த பிறகும் தடம் நிற்கும், அதனால் கொடுக்கும் முன் கூலியையும் லென்ஸின் பழைய விலையையும் ஒப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண கிட் லென்ஸுக்குச் சுத்தம் செய்யும் காசில் இன்னொரு பழைய லென்ஸே கிடைக்கும்.

பயணம் முடிந்த அன்றே பையைக் காலி செய்து வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். கேமராவும் லென்ஸும் காற்று புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் சேர்த்து இருக்கட்டும், மீட்டர் 40 முதல் 50 சதவீதம் காட்டினால் போதும்.

அறிகுறி 4: கண்ணுக்குப் பிரம்மாண்டமாக இருந்த மலை படத்தில் சின்ன மேடாகத் தெரிகிறது

கேமராவில் எந்தக் கோளாறும் இல்லாமல், எல்லோருக்கும் மனசு உடைகிற இடம் இது. "நேர்ல பாத்தது இதுல இல்லையே" என்பார்கள். உண்மைதான், இல்லை.

முதல் காரணம், அகல லென்ஸ். போனின் சாதாரண ஒன்று எக்ஸ் கேமராவே கிட்டத்தட்ட 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம், அது முன்னால் உள்ள புல்லைப் பெரிதாக்கித் தூரத்து மலையைச் சுருக்கிவிடும். இரண்டு எக்ஸ், மூன்று எக்ஸ் போடுங்கள். கேமராவில் 70 முதல் 200 மி.மீ. வரை உள்ள லென்ஸ்தான் மலைக்கு உற்ற துணை. அகல லென்ஸ் வைத்துக்கொண்டு மலை எடுக்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இருக்கிற ஜூமைக் கடைசிவரை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள் என்பதுதான்.

போனில் ஒரு விஷயம் சரிபாருங்கள். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் மூன்று எக்ஸ் என்று காட்டிக்கொண்டே, ஜூம் லென்ஸை விட்டுவிட்டு முக்கிய கேமராவின் படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தரும். ஜூம் லென்ஸை விரலால் மூடுங்கள், திரை இருட்டாகவில்லை என்றால் அந்த லென்ஸ் வேலை செய்யவில்லை. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வரும்வரை காத்திருப்பதுதான் வழி.

இரண்டாவது, அளவு சொல்ல ஒன்றுமில்லை. வெறும் மலையை வைத்து அதன் உயரத்தை யாராலும் சொல்ல முடியாது. சரிவில் நெளிந்து போகும் ஒரு பாதை, அதில் ஊர்ந்து போகும் ஒரு ஜீப், முகட்டில் நிற்கும் ஒற்றை மரம், தேயிலைக்குள் நடந்து போகும் ஆட்கள், ஏதாவது ஒன்று சின்னதாகப் படத்தில் வந்தால் மலை தானாக எழுந்து நிற்கும். கோடநாடு காட்சிமுனையில் நின்று கீழே மோயாற்றுப் பள்ளத்தை எடுக்கும்போது, ஆறு ஒரு இழையாகத் தெரியும்படி வைத்துப் பாருங்கள், ஆழம் புரியும்.

மூன்றாவது, உச்சி வெயில். நிழலே விழாத நேரத்தில் மடிப்புகள் எல்லாம் தட்டையாகிவிடும். காலை எட்டுக்கு முன், மாலை நாலரைக்குப் பின் போங்கள். நடுப்பகலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் மேக நிழல்கள் மலை மேல் ஓடும் நாளில், ஒரு சரிவு இருட்டாகி அடுத்தது வெளிச்சமாகும் நொடிக்காகக் காத்திருக்கலாம்.

இன்னும் பெரிதாக வர வேண்டும் என்று முன்னால் முன்னால் போகிறவர்களுக்கு ஒன்று. மலை ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது நீங்கள் பத்தடி முன்னால் போனால் படத்தில் ஒரு மயிரிழைகூட மாறாது. கம்பித் தடுப்பைத் தாண்டுவதாலும், ஈரப் பாறை நுனியில் நிற்பதாலும் படம் மாறப்போவதில்லை, கால் வழுக்கினால் மீட்க ஆள் வருவதற்கே மணிக்கணக்காகும். வ்யூஃபைண்டரில் கண் வைத்தபடி ஒரு அடிகூட நடக்காதீர்கள்.

அறிகுறி 5: வானம் வெள்ளைத் தாள், அல்லது மலை கரிக்கட்டை

போனில் திரையில் வானத்தைத் தொட்டு, அருகில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். ஹெச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் இரண்டும் தெரியும்படி சேர்த்துத் தரும் வசதி) அணைந்திருந்தால் போடுங்கள். பாதிப் பேருக்கு இதோடு முடிந்தது.

கேமராவில் ரா வடிவத்தில் (சென்சார் பதிந்த முழுத் தகவலையும் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள், வெளிச்சம் எரிந்த இடம் மினுக்கும் எச்சரிக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள், வானம் மினுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவைக் குறையுங்கள். இருட்டிய பகுதியை ரா படத்தில் பிற்பாடு தூக்கிவிடலாம், எரிந்த வானத்தை எதைக்கொண்டும் மீட்க முடியாது. வித்தியாசம் அதற்கும் மேல் இருந்தால் நடு அளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என மூன்று எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைத்தால் பாதி). இதற்கு மேல் தேவைப்பட்டால்தான் பாதி இருண்ட ஃபில்டர் வாங்குவது, அதுவும் முகடு ஏற்ற இறக்கமாக இருந்தால் மலை உச்சியையும் சேர்த்து இருட்டாக்கிவிடும் என்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

பனிமூட்டத்தில் மட்டும் கதை தலைகீழ். கொடைக்கானல் தூண் பாறையில் மூட்டம் ஏறும்போது எடுத்தால் வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாக வரும், ஏனென்றால் கேமரா இவ்வளவு வெண்மையைப் பார்த்துப் பயந்து தானே குறைத்துக்கொள்கிறது. முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.

அறிகுறி 6: கூர்மை இல்லை

படத்தை முழுசாகப் பெரிதாக்கி, எங்கே மங்கல் என்று பாருங்கள். வழி அங்கிருந்து பிரிகிறது.

*எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால்*, கை ஆடியிருக்கிறது. 200 மி.மீ. ஜூமுக்கு ஷட்டர் வேகம் குறைந்தது 1/200 நொடி, காற்று வீசும் முகட்டில் 1/400 வையுங்கள், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். இன்ஜின் ஓடிக்கொண்டு நிற்கும் ஜீப்பின் பானட்டில் முழங்கையை ஊன்றி எடுக்க வேண்டாம், இன்ஜின் அதிர்வு வந்துவிடும். ட்ரைபாடிலும் மங்குகிறதா? நடுக்குழாயை இறக்குங்கள், கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், இரண்டு நொடி டைமர் போடுங்கள். ட்ரைபாடில் பையைத் தொங்கவிடுவது நல்லதுதான், ஆனால் பை காற்றில் ஊசலாடினால் முன்பைவிட மோசமாகும், பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பழைய லென்ஸ்களில் ஆட்டம் தடுக்கும் சுவிட்சை ட்ரைபாடில் அணைத்துவிடுங்கள். மரப்பலகைக் காட்சி மேடைகளில் பக்கத்தில் ஒருவர் நடந்தாலே அதிரும், தரைக்கு இறங்குங்கள்.

*முன்னால் உள்ள இலை கூர்மை, மலை மங்கல் என்றால்* ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. பனிமூட்டத்தில் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். மூட்டத்துக்கும் மரத்துக்கும் இடையிலான கோடு, வானமும் முகடும் சந்திக்கும் விளிம்பு, இப்படி ஒன்றில் புள்ளியை வைத்துப் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். வளையத்தை முடிவிலிக் குறிவரை கடைசியாகத் திருப்பினால் போதும் என்று நினைப்பார்கள், பல லென்ஸ்களில் அது முடிவிலியையும் தாண்டிச் சுற்றும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து நிறுத்துங்கள். வண்டிக்குள்ளிருந்து எடுப்பவர்கள் போனைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் உள்ள மழைத்துளி மீது ஃபோகஸ் போகும்.

*எல்லாம் சரி, ஆனாலும் கொஞ்சம் மெத்தென்று இருந்தால்* லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவைப் பாருங்கள் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்). எல்லாம் கூர்மையாக வரட்டும் என்று எஃப் 22 வைத்திருப்பீர்கள். அவ்வளவு சின்னத் துளை கூர்மையைக் குறைக்கும், எஃப் 8 அல்லது எஃப் 11க்கு வாருங்கள்.

*ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி நெளிந்தால்*, அதுவும் நடுப்பகலில் பெரிய ஜூமில் என்றால், அது கானல். பொள்ளாச்சிச் சமவெளியிலிருந்து ஆனைமலை முகடுகளை மதியம் 300 மி.மீ. லென்ஸில் எடுத்துப் பார்த்தால் தெரியும். காசு கொடுத்து எதுவும் வாங்கித் தீராது, காலையில் வாருங்கள்.

*எப்போதும் ஒரே பக்கம் மட்டும் மங்கினால்* லென்ஸுக்குள் கண்ணாடி சாய்ந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பி, ஒரு செங்கல் சுவருக்கு நேர் எதிரே ட்ரைபாடில் வைத்து ஒரு படம், கேமராவைத் தலைகீழாக வைத்து இன்னொரு படம் எடுங்கள். மங்கலும் கூடவே சுவரின் மறுபக்கத்துக்கு மாறினால் லென்ஸ்தான், சர்வீஸுக்குப் போகட்டும். என் லென்ஸ் ஒன்றைப் பழுது பார்த்துத் தந்த கடையில் இப்படித்தான் சாய்வாகப் பொருத்தியிருந்தார்கள். சுவர்ப் படங்களைக் காட்டியபிறகு மறுபேச்சில்லாமல் திரும்பச் செய்து கொடுத்தார்கள். அதனால் பழுது பார்த்த லென்ஸை வாங்கும் அன்றே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அறிகுறி 7: பேட்டரி பாதியில் படுத்துவிடுகிறது

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், அதை எடுக்க விடியலில் போனால் 60 சதவீதம் இருந்த போன் சட்டென்று அணையும். பேட்டரி தீரவில்லை, குளிரில் மரத்துப் போயிருக்கிறது. உள்சட்டைப் பாக்கெட்டில் உடம்போடு ஒட்டிப் பத்து நிமிடம் வைத்தால் உயிர் வரும். மாற்றுப் பேட்டரியை எப்போதும் அங்கேயே வையுங்கள், முதலாவது சோர்ந்ததும் மாற்றி, சோர்ந்ததைச் சூடாக்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தே ஒரு காலை முழுக்க ஓட்டலாம்.

குளிரில்லாமலும் தீர்கிறது என்றால், பள்ளத்தாக்கில் சிக்னல் தேடித் தேடிப் போன் களைத்திருக்கும், ஃப்ளைட் மோடில் போடுங்கள். கேமராவில் வைஃபை, ஜிபிஎஸ், படம் எடுத்ததும் திரையில் காட்டுவது மூன்றையும் அணையுங்கள். உறைந்து கிடந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல் அறைச் சூட்டுக்கு வந்தபிறகு போடுங்கள். அறையிலும் வேகமாக இறங்கினால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும். உப்பியிருந்தால், கேமராவிலிருந்து எடுக்கவே கஷ்டமாக இருந்தால், அன்றோடு பயன்படுத்துவதை நிறுத்துங்கள். போன் முதுகு உப்பியிருந்தாலும் அதேதான், அழுத்தி மூடப் பார்க்காமல் சர்வீஸில் கொடுங்கள்.

அறிகுறி 8: விடியலின் சிவப்பு காணாமல் போய்விட்டது, அல்லது எல்லாம் நீலமாக இருக்கிறது

நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸ் அந்தச் சிவப்பைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டது. பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்துங்கள். நிழல் சரிவுகள் நீலமாக வந்தால் நிழல் அமைப்பு. ராவில் எடுத்திருந்தால் வீட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி 9: வானத்தில் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் கறுப்புப் புள்ளி

லென்ஸை மாற்றிப் பாருங்கள். புள்ளி அங்கேயே இருந்தால் சென்சாரில் தூசி. எஃப் 16 வைத்து வெறும் வானத்தை எடுத்தால் எத்தனை என்று தெரியும். கேமராவின் சென்சார் சுத்தம் செய்யும் வசதியை ஓட்டுங்கள், போகவில்லை என்றால் கேமராவைக் குப்புறப் பிடித்து ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், சென்சாரைத் தொடும் எந்தக் குச்சியும் துணியும் மலை உச்சியில் வேண்டாம். மிச்சப் புள்ளிகளை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம். ஒட்டிக்கொண்ட கறை என்றால் சர்வீஸில் ஈரச் சுத்தம். காற்றடிக்கும் முகட்டில் லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தால் காற்றுக்கு முதுகு காட்டி, கேமரா வாயைக் கீழ்நோக்கி வைத்து மாற்றுங்கள்.

அறிகுறி 10: கார்டு எர்ரர்

எழுத முடியவில்லை என்று வந்தால், எஸ்டி கார்டின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டு கீழே இறங்கியிருக்கும், மேலே தள்ளுங்கள். இல்லையென்றால் அணைத்து, கார்டை எடுத்து, தங்க நிறப் பட்டைகளைக் காய்ந்த துணியால் மெல்லத் துடைத்து மறுபடி போடுங்கள்.

படங்கள் காணவில்லை, கார்டைப் படிக்க முடியவில்லை என்றால் அந்தக் கார்டில் அதன்பிறகு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கம்ப்யூட்டரில் போட்டதும் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட வந்த நண்பர் ஒருவர் பதற்றத்தில் சரி என்று அழுத்திவிட்டு, அதே கார்டில் மாலைவரை எடுத்துக்கொண்டும் இருந்தார், மூன்று நாள் மேகமலைப் படங்களில் பாதிக்கு மேல் திரும்பவே இல்லை. கார்டைத் தனியே எடுத்து உறையில் போட்டு, மேலே குறித்து வையுங்கள். வீட்டுக்கு வந்து மீட்பு மென்பொருளை ஓட்டி, மீண்டு வருவதை வேறு டிஸ்கில் சேமியுங்கள், அதே கார்டில் எழுதக் கூடாது. எழுதாமல் விட்ட கார்டுகளில் பெரும்பாலும் எல்லாமே கிடைத்திருக்கிறது.

கம்ப்யூட்டருக்குக் கார்டு போட்டதே தெரியவில்லை, அல்லது கார்டு விரிசல் விட்டிருக்கிறது என்றால் மென்பொருளால் ஆகாது, தரவு மீட்கும் ஆட்களிடம்தான் போக வேண்டும். கூலி கார்டின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். உள்ளே இருக்கும் படங்களுக்கு அது தகுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், முதலில் மதிப்பீட்டை மட்டும் கேளுங்கள். மீட்டபிறகு அந்தக் கார்டைத் திரும்பப் பயணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.